டிமென்ஷியா: பெண்களிடம் ஏன் பிந்தித் தெரிகிறது? பார்த்துக்கொள்ளும் பெண்ணின் சுமையை எப்படிக் கணக்கில் கொண்டுவருவது?

எழுத்தாணி (கேள்வி)

வணக்கம். டிமென்ஷியா, அதாவது நினைவும் சிந்தனையும் மெல்லத் தேயும் நோய் உள்ளவர்களின் குடும்பங்களுக்காக ஒரு கைப்பிரதி தயாராகிறது. அதில் பெண்களைப் பற்றிய பகுதி மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. எங்கே தேடினாலும் இரண்டு வரிதான் கிடைக்கிறது: பெண்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள், அதனால் அவர்களுக்கு அதிகம் வருகிறது, பார்த்துக்கொள்பவர்களும் பெண்கள்தான், அவர்கள் தங்கள் உடல்நலத்தையும் கவனிக்க வேண்டும். இரண்டும் பொய்யில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு மறுநாள் காலையில் யாரும் எதையும் மாற்றிச் செய்ய முடியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 2021இல் உலகம் முழுக்க 5.7 கோடி பேருக்கு இந்த நோய் இருந்தது. அவர்களுக்குக் கிடைக்கும் பராமரிப்பு நேரத்தில் 70 சதவீதத்தைப் பெண்களே தருகிறார்கள். இவ்வளவு பெரிய பங்கு இருந்தும், பெண்ணின் நோயும் சரி, பெண்ணின் உழைப்பும் சரி, முற்றிய பிறகுதான் கண்ணில் படுகிறது. ஏன்?

என் சந்தேகங்கள்: ஆரம்ப அறிகுறிகள் பெண்களிடம் தப்பிப்போவது எப்படி? மாதவிடாய் நின்றபின் எடுக்கும் ஹார்மோனுக்கும் இதற்கும் உள்ள தொடர்பில் எது உறுதியானது? பார்த்துக்கொள்பவரின் இடுப்பும் தூக்கமும் போகாமலிருக்க என்னென்ன செய்ய வேண்டும்? அறிவுரை வேண்டாம், செய்முறையாகச் சொல்லுங்கள்.

நினைவுத்தடம் (பதில்)

முதல் கேள்விக்கு வருகிறேன்.

ஆயுள் ஒரு காரணம்தான், சந்தேகமில்லை. 80 வயதுக்கு மேல் ஒரே வயதுள்ள ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டாலும் பெண்களுக்கே புதிதாக அதிகம் வருகிறது என்று சில நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. வேறு சில ஆய்வுகளில் அந்த வேறுபாடு தெரியவில்லை. நோயின் வகையும் முக்கியம்: பெண்களிடம் மிகுதியாக இருப்பது அல்சைமர். லூயி பாடி வகை ஆண்களிடம் கூடுதல். ஏபிஓஈ-4 என்ற மரபணு ஒரு பிரதி இருந்தால், 65 முதல் 75 வயதுக்குள் அது ஆணைவிடப் பெண்ணுக்கே அதிக ஆபத்தைத் தருகிறது. இப்போதைய முதிய தலைமுறைப் பெண்களில் பலருக்குப் பள்ளிப்படிப்பு குறைவு என்பதும் சேர்கிறது. குறைந்த படிப்பு தனியாகவே ஓர் ஆபத்துக் காரணி.

கண்டுபிடிப்பதில் ஏன் பிந்துகிறது என்பதுதான் முக்கியமான இடம். நினைவாற்றல் சோதனைகளில் அதிகம் பயன்படுவது சொற்பட்டியல். பத்துப் பதினைந்து சொற்களைப் படித்துக் காட்டி, உடனே ஒரு முறையும் 20, 30 நிமிடம் கழித்து ஒரு முறையும் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். சொல்நினைவில் பெண்கள் வாழ்நாள் முழுக்க ஆண்களைவிடச் சற்று மேலே இருப்பவர்கள். அதனால் மூளையில் ஆணுக்கு ஆன அதே அளவு சேதம் ஒரு பெண்ணுக்கு ஆகியிருந்தாலும், அவருடைய மதிப்பெண் 'சராசரி' என்ற கோட்டுக்கு மேலேயே நிற்கும். ஆண், பெண் இருவருக்கும் ஒரே கோடு வைத்தால் பெண் தப்பிவிடுவார். பேச்சு சரளமாக இருக்கும், விசாரிப்பு, உபசரிப்பு எதிலும் குறை தெரியாது. கடைசியில் கோட்டுக்குக் கீழே வரும்போது நோய் வெகுதூரம் போயிருக்கும். 'திடீரென்று மோசமாகிவிட்டது' என்று வீட்டார் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பள்ளி போகாத பெண்ணிடம் கன சதுரம் வரையச் சொன்னால், கடிகாரம் வரையச் சொன்னால், நோயே இல்லாவிட்டாலும் மதிப்பெண் விழும். மோக்கா என்ற நினைவு, சிந்தனைச் சோதனையில் மொத்தம் 30, வழக்கமான எல்லை 26, அதற்குக் கீழே வந்தால் சந்தேகம். 12 ஆண்டோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு 1 மதிப்பெண் கூட்டிக்கொள்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அந்த ஒரு மதிப்பெண் ஈடாகாது.

ஆகவே சோதனைத் தாளை மட்டும் நம்பாமல், கூட இருப்பவரிடம் 'பத்து ஆண்டுக்கு முன்பு இருந்ததற்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம்' என்று கேட்க வேண்டும். ஐக்யூகோட் என்ற 16 கேள்விப் படிவம் இதற்கென்றே உள்ளது. வீட்டார் மருத்துவரிடம் போவதற்கு முன் ஒரு மாதம் குறித்து வைக்கலாம்: பல படிகள் உள்ள வேலையில் எந்தப் படியில் தடுமாறுகிறார், பணத்தை எண்ணும்போது என்ன பிழை, ஒரே கேள்வியை ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை கேட்டார், பழகிய வழியில் நின்று யோசித்தாரா. தேதியோடு எழுதுங்கள். இங்கே ஒரு சறுக்கல் உண்டு. அவர் செய்துவந்த வேலையை வேறொருவர் 'பாவம், வயசாச்சு' என்று எடுத்துக்கொண்ட வீட்டில் இந்த அறிகுறி எதுவும் வெளியே வராது. வேலையே இல்லாதவருக்குப் பிழை எங்கிருந்து வரும்?

அல்சைமர் நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் 1901இல் பிராங்க்ஃபர்ட்டில் பரிசோதித்த முதல் நோயாளி அகுஸ்டே டெட்டருக்கு அப்போது வயது 51. கணவர் முதலில் கவனித்தது மறதியை அல்ல, காரணமில்லாத சந்தேகத்தை. அதன் பிறகுதான் சமையலில் பிழைகள். குணமாற்றம் முன்னே வரலாம் என்பதற்கு முதல் நோயாளியே சான்று. நடுவயதுப் பெண்ணிடம் இதைக் கண்டால் 'மாதவிடாய் நிற்கும் கோளாறு', 'மனச்சோர்வு' என்று எழுதி அனுப்பிவிடுவது இன்றும் நடக்கிறது.

அதே நேரம், சரிசெய்யக்கூடிய காரணங்களை முதலில் விலக்குங்கள். தைராய்டு குறைவு பெண்களிடம் மிகுதி. டிஎஸ்எச் (தைராய்டுக்கான ரத்தச் சோதனை), வைட்டமின் பி12, சோடியம், கால்சியம், சர்க்கரை, சிறுநீரக, கல்லீரல் அளவுகள், மூளைக்கு ஒரு சிடி அல்லது எம்ஆர்ஐ ஆகியவை இல்லாமல் டிமென்ஷியா என்று முடிவுகட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கேட்கும் திறனையும் சோதிக்க வேண்டும். காதில் விழாத சொல்லை யாரும் நினைவில் வைக்க முடியாது.

மருந்துப்பெட்டி (பதில்)

ஹார்மோன் பற்றி. 65 வயதுக்கு மேற்பட்ட 4,532 பெண்களிடம் ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்துச் செய்த பெரிய ஆய்வு 2003இல் வெளிவந்தது. ஹார்மோன் எடுத்தவர்களில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு 45 பேர், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 22 பேர் டிமென்ஷியாவுக்கு உள்ளானார்கள். அதாவது இரு மடங்கு. ஆகவே மூளையைக் காக்கும் என்று 65க்குப் பிறகு ஹார்மோன் தொடங்கக் கூடாது. இதில் சர்ச்சை இல்லை. மாதவிடாய் நின்ற சில ஆண்டுகளுக்குள் தொடங்கியவர்களிடம் நினைவாற்றலுக்கு நன்மையும் தெரியவில்லை, தீமையும் தெரியவில்லை. உடல் வெக்கைக்காக அப்போது எடுப்பது வேறு விஷயம்.

இன்னொரு நிலை: இயற்கையாக மாதவிடாய் நிற்கும் முன்பே இரண்டு சினைப்பைகளையும் அறுவை செய்து எடுத்தவர்களுக்கு, எடுத்த வயது குறையக் குறைய ஆபத்து கூடுகிறது. வேறு தடை இல்லாவிட்டால் இவர்களுக்கு ஏறத்தாழ 50 வயது வரை ஹார்மோன் கொடுப்பதுதான் வழக்கம். கைப்பிரதியில் இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே பத்தியில் கலந்துவிடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்க்கச் சொல்வேன், ஏனென்றால் பெண் நோயாளிகளிடம் இது ஓயாமல் நடக்கிறது. அல்சைமருக்குக் கொடுக்கும் டொனபெசில் மாத்திரை மூளையில் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளின் அளவைக் கூட்டும். அதே பொருள் சிறுநீர்ப்பையைச் சுருங்கச் செய்வது. எனவே சிலருக்குச் சிறுநீர் அடக்க முடியாமல் போகும். அதை வயதின் கோளாறு என்று எண்ணி ஆக்ஸிபியூட்டினின் அல்லது டோல்டெரோடின் எழுதுவார்கள். அது அசிடைல்கோலினைத் தடுக்கும் மருந்து. ஒரு கையால் ஊற்றி மறு கையால் இறைப்பதுதான் நடக்கிறது. குழப்பம் கூடும், மலம் கட்டும், வாய் உலரும். நோய் முற்றிவிட்டது என்று வீடு நினைக்கும்.

இதைப் பிடிக்க ஒரே வழி, எல்லா மருந்தையும் தொடங்கிய தேதியோடு ஒரே தாளில் எழுதுவது. டொனபெசில் 5 மி.கி.யில் தொடங்கி 4 முதல் 6 வாரம் கழித்து 10 மி.கி.க்கு ஏற்றுவார்கள். சிறுநீர்க் கசிவு அந்தத் தேதிகளை ஒட்டித் தொடங்கியதா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். சளிக்கும் தூக்கத்துக்கும் கடையில் வாங்கும் குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின், வலிக்கும் தூக்கத்துக்கும் எழுதப்படும் அமிட்ரிப்டிலின் இவையும் அதே தடுப்பு வகைதான். டொனபெசில் எடுப்பவரின் நாடித்துடிப்பு 50க்குக் கீழே இறங்கினாலோ, மயங்கி விழுந்தாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாதம் ஒரு முறை எடை போடுங்கள். மெலிந்த பெண்களுக்கு இந்த மாத்திரையால் பசி குறைந்து எடை இன்னும் இறங்கும். கெட்ட கனவு வந்தால் இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள்.

தொடக்கநிலை அல்சைமருக்கான புதிய ஊசி மருந்தான லெகனெமாப் பற்றியும் கேட்பார்கள். 18 மாத ஆய்வில் மொத்தமாக நோயின் வேகம் 27 சதவீதம் குறைந்தது; பிரித்துப் பார்த்தால் ஆண்களுக்கு 43, பெண்களுக்கு 12. ஆய்வு அந்த ஒப்பீட்டுக்காக வடிவமைக்கப்பட்டதல்ல, அதனால் பெண்களுக்குப் பயனில்லை என்று எழுத முடியாது. ஆனால் 27 என்ற ஒற்றை எண்ணை மட்டும் எழுதுவதும் நேர்மையாகாது.

இரவுப்பணி (பதில்)

செய்முறைக்கு வருகிறேன். எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை, பார்த்துக்கொள்பவரை முறிப்பது எதுவோ அதை மட்டும்.

முதலில் தூக்குவது. நாற்காலியிலிருந்து எழுப்ப அக்குளில் கைகொடுத்து இழுப்பார்கள். நோயாளியின் தோள்மூட்டு விலகும், இழுப்பவரின் இடுப்பு போகும். சரியான வரிசை இது. அவரை இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்த்துங்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே வையுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும் அளவு முன்னே சாயவையுங்கள். இடுப்பில் அகலமான நடைப்பட்டை கட்டி, பக்கவாட்டில் நின்று அதைப் பிடித்துக்கொண்டு, 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணி அவரையே எழச்செய்யுங்கள். சாய்வு சரியாக வந்தால் எடை தானாகக் காலுக்கு வரும். கட்டிலின் உயரமும் கவனிக்க வேண்டியது: அவர் எழுந்து நிற்க அவருடைய முழங்கால் உயரம், படுக்கையிலேயே துடைக்க, உடைமாற்ற உங்கள் இடுப்பு உயரம். உயரம் மாறாத கட்டிலென்றால் குனியாதீர்கள், ஒரு முழங்காலைக் கட்டிலில் ஊன்றிக்கொள்ளுங்கள். விழுந்தவரைத் தனியாளாகத் தூக்கவே கூடாது. அடிபடவில்லை என்றால், உறுதியான நாற்காலியை முன்னே வைத்து, மண்டியிடச்செய்து, நாற்காலியைப் பிடித்து ஒரு காலை ஊன்றவைத்து, பின்னால் இரண்டாவது நாற்காலியைக் கொண்டுவந்து உட்காரவையுங்கள். கால் குட்டையாகவோ வெளிப்புறம் திரும்பியோ இருந்தால் இடுப்பெலும்பு முறிவு. அசைக்காமல் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். மாதவிடாய் நின்ற பெண்ணின் எலும்புக்குச் சின்ன விழுகையே போதும்.

இரவு. படுக்கையை இரண்டு அடுக்காக விரியுங்கள்: நீர்புகா விரிப்பு, அதன்மேல் துணி, மறுபடி நீர்புகா விரிப்பு, மறுபடி துணி. நனைந்ததும் மேலடுக்கை உருவினால் போதும், புதுப் படுக்கை தயார். நள்ளிரவு 20 நிமிட வேலை 5 நிமிடமாகும். பகலில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர் சேரும்படி கொடுத்து, படுப்பதற்கு 2 மணி நேரம் முன்பு நிறுத்துங்கள். இரவு நனையும் என்று பயந்து பகல் முழுக்கத் தண்ணீரைக் குறைப்பதுதான் பெரிய தவறு. மலம் கட்டும், சிறுநீர்த் தொற்று வரும், குழப்பம் கூடும். பகலில் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை 'போகணுமா' என்று கேட்காமல், 'வாங்க, போயிட்டு வரலாம்' என்று அழைத்துப் போங்கள். கேள்வி கேட்டால் 'வேண்டாம்' என்றுதான் பதில் வரும்.

சிறுநீர்த் தொற்று பெண்களுக்கு அதிகம். துடைப்பது எப்போதும் முன்னிருந்து பின்னோக்கி. ஆனால் நாற்றம் அடிக்கிறது, கலங்கியிருக்கிறது என்பதற்காக மட்டும் சோதனை செய்து ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டாம். முதிய பெண்களின் சிறுநீரில் தொந்தரவு தராத கிருமி இருப்பது சகஜம். காய்ச்சல், எரிச்சல், அடிவயிற்று வலி, அல்லது சில மணிகளில் தொடங்கி ஏறியிறங்கும் புதுக் குழப்பம், அளவுமீறிய மயக்கம் இருந்தால் அது வேறு. இப்படித் திடீரென்று வரும் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். டிமென்ஷியா மாதக்கணக்கில் நகரும், இது மணிக்கணக்கில் நகரும். தொற்று மட்டுமல்ல, மலக்கட்டு, வலி, புது மருந்து எல்லாமே இதை உண்டாக்கும். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தொற்று திரும்பத் திரும்ப வந்தால், பிறப்புறுப்பில் தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு அதைக் குறைக்கும். ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும் என்பதால், மேலே மருந்துப்பெட்டி சொன்ன மாத்திரைகளோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

குளியல் தினமும் வேண்டியதில்லை. வாரம் இரண்டு மூன்று போதும். மற்ற நாளில் முகம், அக்குள், மார்பின் கீழ்மடிப்பு, தொடை இடுக்கு துடைத்தால் தோல் நலமாக இருக்கும். பெண் நோயாளி அடிப்பதும் கத்துவதும் பெரும்பாலும் முழு உடையையும் ஒரே நேரத்தில் கழற்றும்போதுதான். தோளில் ஒரு பெரிய துண்டைப் போர்த்திவிட்டு, அதன் அடியில் ஒவ்வொரு பகுதியாகக் கழுவுங்கள். பாதத்தில் தொடங்குங்கள், தலை கடைசி.

யாரும் எழுதாத ஒன்று: கணவருக்கு நோய் வந்து, மனைவியிடமோ பணிப்பெண்ணிடமோ தகாத முறையில் நடப்பது. நோய் என்பதற்காக அவள் சம்மதிக்க வேண்டியதில்லை. கைப்பிரதியில் இந்த வாக்கியத்தை வெளிப்படையாகப் போடுங்கள். சிரிக்காமல், நீளமாகப் பேசாமல், 'வேண்டாம்' என்று ஒரு சொல். உடனே இடமாற்றம், கைக்கு ஒரு வேலை. தனிப் படுக்கை. உடையை அவிழ்ப்பது சிறுநீர் அவசரமாகவோ வெக்கையாகவோ இருக்கலாம், அதைப் பாருங்கள். பார்க்கின்சன் மருந்துகளில் சில இந்த வேகத்தைக் கூட்டும். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

எழுத்தாணி

அந்த வாக்கியம் அப்படியே போகும். மிக்க நன்றி. ஒரு தொடர் கேள்வி: மகளோ மருமகளோ மனைவியோ ஒருத்தியே எல்லாம் செய்யும் வீட்டில், மற்றவர்கள் 'என்ன செய்யணும் சொல்லு, செய்யறேன்' என்கிறார்கள். அதற்குப் பிறகும் சுமை குறைவதில்லை. எப்படிப் பிரிப்பது?

ஏழாம்நாள் (பதில்)

'சொல்லு, செய்யறேன்' என்பதில்தான் சிக்கல். நினைவில் வைப்பது, கவனிப்பது, சொல்வது எல்லாம் அவளிடமே தங்கிவிடுகிறது. பிரிப்பதற்கு முன் அளக்க வேண்டும். 7 நாள், மூன்று கட்டம் போட்ட தாள். முதல் கட்டம் உடலுக்குச் செய்வது: குளிப்பாட்டல், ஊட்டல், கழிவறை. இரண்டாவது வீட்டு நிர்வாகம்: மருந்து, பணம், மருத்துவர், துணி. மூன்றாவது கண்காணிப்பு, அதாவது எதுவும் செய்யாவிட்டாலும் வீட்டை விட்டு நகர முடியாத நேரம். பராமரிப்பின் செலவைக் கணக்கிடும் ஆய்வாளர்களும் இப்படித்தான் பிரிக்கிறார்கள். 2019இல் உலக சராசரி நாளுக்கு 5 மணி நேரம் என்று வந்தது. இரவில் எத்தனை முறை எழுந்தாள் என்பதைத் தனியாக எழுதுங்கள். மூன்றாவது கட்டம்தான் எப்போதும் பெரிதாக வரும், அதைத்தான் வீட்டில் யாரும் வேலை என்றே எண்ணுவதில்லை.

பிறகு பிரிக்கும்போது துண்டுவேலை கொடுக்காமல் முழுப் பொறுப்பாகக் கொடுங்கள். 'மருந்து' என்றால் 7 நாள், 4 வேளை, 28 அறைப் பெட்டியை நிரப்புவது, 10 நாள் இருப்பு இருக்கும்போதே வாங்குவது, மருத்துவர் தேதி, அந்த மருந்துத் தாளைப் புதுப்பிப்பது எல்லாம் ஒருவருடையது. தாயைக் குளிப்பாட்ட மகனுக்குக் கூச்சமிருக்கலாம். மருந்துக்கும் இரவுக்கும் எழுப்பி நடத்துவதற்கும் அந்தக் காரணம் பொருந்தாது. இரவை மணிக்கணக்கில் பங்கிடாதீர்கள். ஒருவருக்கு முழு இரவு, வேறு அறையில், கதவு சாத்திய தூக்கம், அடுத்தவருக்கு மறுநாள். பாதி பாதியாகப் பிரித்தால் இருவருமே தூங்க மாட்டார்கள். தொலைவில் இருப்பவருக்குப் பணம், காகித வேலை, தினம் ஒரே நேரத்தில் அரை மணி வீடியோ அழைப்பில் நோயாளியோடு பேசி உட்கார்ந்திருப்பது.

சுமையை எண்ணாகக் காட்ட ஸாரிட் படிவம் உள்ளது. 22 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 88. பொதுவாக 41ஐத் தாண்டினால் கடுமைப் பக்கம் போகிறது என்று கொள்வார்கள். 3 மாதத்துக்கு ஒரு முறை நிரப்பி, நோயாளியின் கோப்பிலேயே வையுங்கள். மருத்துவரும் பார்ப்பார், குடும்பமும் பார்க்கும். நோயாளியை அடித்துவிடுவேனோ என்ற எண்ணமோ, உயிரை விடலாம் என்ற எண்ணமோ வந்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. எப்போதும் அருகில் இருப்பவள் மேல்தான் 'என் பணத்தைத் திருடிட்டா' என்ற பழி விழும். வாதாடாதீர்கள், 'காணோமா, வாங்க சேர்ந்து தேடலாம்' என்று எழுந்துவிடுங்கள். அவர் ஒளித்துவைக்கும் நாலைந்து இடங்களை அறிந்துவைத்துக்கொண்டு, அதே போன்ற இரண்டாவது பை ஒன்றைத் தயாராக வையுங்கள். இது நோயின் அறிகுறி என்று மற்ற உறவினர்களுக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். பழி விழுந்த பிறகு சொன்னால் அது சமாளிப்பாகத் தெரியும்.

வேலையை விடுவதாக இருந்தால், ராஜினாமா கடைசி. நேரம் குறைத்தல், சம்பளமில்லா விடுப்பு இரண்டையும் எழுத்தில் கேட்ட பிறகே. இழப்பது சம்பளம் மட்டுமல்ல, அவளுடைய ஓய்வூதியமும்கூட.

நினைவுத்தடம்

ஏழாம்நாள் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். பார்த்துக்கொள்ளும் பெண்களில் பலர் 45 முதல் 55 வயதுக்குள் இருப்பவர்கள். பெயர் நாக்கு நுனியில் நிற்கும், அறைக்குள் போனது எதற்கென்று மறக்கும். 'எனக்கும் வந்துவிட்டது' என்று பயப்படுவார்கள். மாதவிடாய் நிற்கும் காலத்தில் இது வருவது வழக்கம், பெரும்பாலோருக்குப் பிறகு தணியும். உடைந்த தூக்கம் இதை இரட்டிப்பாக்கும். மறந்த பெயர் பத்து நிமிடம் கழித்து வந்துவிட்டால் கவலை குறைவு. பேசியதே நினைவில் இல்லை, தெரிந்த வழி தெரியவில்லை, தனக்குத் தெரியாமல் மற்றவர்கள்தான் கவனித்தார்கள் என்றால் சோதனைக்குப் போக வேண்டும். இருவகையிலும் தைராய்டு, பி12, ஹீமோகுளோபின் பாருங்கள்.

2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் தொகுத்ததில், மாற்றக்கூடிய 14 காரணிகள் உலகின் டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 சதவீதத்தோடு தொடர்புடையவை. ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, சர்க்கரை, கேட்கும் குறை, பார்வைக் குறை, மனச்சோர்வு, உடலசைவின்மை, தனிமை எல்லாம் அதில் உண்டு. பட்டியலைப் பார்த்தாலே தெரியும்: பராமரிப்பு ஆண்டுகளில் ஒரு பெண் தள்ளிப்போடுபவை பெரும்பாலும் இவைதான். அதனால் நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் அதே நாளில் அவளுடைய ரத்த அழுத்தத்தையும் எடுத்து, அதே தாளின் கீழ்வரியில் எழுதச் சொல்லுங்கள். கைப்பிரதியின் கடைசிப் பக்கத்தில் மருந்து அட்டவணை அச்சிடுவதாக இருந்தால், அதற்கு இரண்டு வரி காலியாக விடுங்கள்.